இயற்பியல் ஆசிரியரின் பீர்க் கூடமும் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையும்



தலைப்பைக் கண்டதும் சிலருக்குப் புருவம் உயர்ந்திருக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்குப் பீர்க் கூடத்தில் என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. நான் மது அருந்துவதில்லை, அருந்தியதும் இல்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனுக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள ஒரு பீர் நிறுவனத்தின் இரண்டு கூடங்களில் நெடுநேரம் அமர்ந்து, குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் நம்மைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர் என்பது அதற்கு முதற்காரணம். இரண்டாவது காரணத்தைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

என் அக்காள் மகன் அப்போது கோப்பன்ஹேகனில் உணவு அறிவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கத்தான் சென்றேன். ஊர் சுற்றிக் காட்டும் திட்டத்தை அவனே வகுத்திருந்தான். அரண்மனை, கடற்கன்னிச் சிலை ஆகியவற்றிற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பீர்க் கூடத்தின் பெயர் இருந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "சித்தி, நீங்க குடிக்க வேண்டாம். இத ஆரம்பிச்சவர் கணக்கு வாத்தியார். நீங்க பார்க்கணும்னுதான் எழுதினேன்" என்றான்.

அந்த ஆசிரியரின் பெயர் மிக்கெல் போர்க் பியர்க்ஸோ. கோப்பன்ஹேகனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். அவருடைய நண்பர் கிறிஸ்தியன் கெல்லர் ஒரு பத்திரிகையாளர். இருவரும் வீட்டுச் சமையலறையில் பானை வைத்துப் பீர் காய்ச்சிப் பழகினர். தாங்கள் விரும்பிய பீர்களை முதலில் அப்படியே செய்து பார்க்க முயன்றனர். பின்னர்ச் சொந்தச் சேர்மானங்களில் இறங்கினர். 2006இல் நிறுவனம் தொடங்கியபோது இருவர் பெயரையும் இணைத்து 'மிக்கெல்லர்' என்று பெயர் சூட்டினர். மிக்கெல் என்னும் நிலைமொழியும் கெல்லர் என்னும் வருமொழியும் சேரும்போது ஒரு 'கெல்' கெட்டது என்று நான் விளக்கத் தொடங்க, "விடுமுறையிலுமா இலக்கணம்?" என்று கேட்டுச் சிரித்தான் என் அக்காள் மகன்.

கெல்லர் 2007இல் பத்திரிகைப் பணிக்கே திரும்பிவிட்டார். பியர்க்ஸோ மட்டும் வகுப்பறையையும் பீர்ப் பானையையும் சில காலம் சேர்த்தே கவனித்துவந்தார். அவருக்குச் சொந்தமாக ஓர் ஆலை இல்லாதிருந்ததுதான் இதில் வியப்பு. செய்முறையை அவர் எழுதுவார். பெல்ஜியம் போன்ற நாடுகளில் ஏற்கெனவே இயங்கும் ஆலைகளில் கொப்பரைகளை வாடகைக்கு எடுத்து அந்தச் செய்முறைப்படி காய்ச்சச் செய்வார். ஊர் ஊராகச் சென்று காய்ச்சுவதால் 'நாடோடிப் பீர்க்காரர்' என்று அவரை அழைத்தார்கள். கட்டடமோ இயந்திரமோ இல்லாமல், ஒரு தாளில் எழுதிய செய்முறையே முதலாக ஒருவர் தொழில் நடத்த முடிந்திருக்கிறது.

செய்முறை என்றால் என்ன என்பதை நம் ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். பீருக்கு அடிப்படைப் பொருள்கள் நான்கு: முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நீர், ஈஸ்ட். தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருள்கள் அதில் உருவாகின்றன. அதை இடித்துச் சுடுநீரில் ஊறவைத்தால் சர்க்கரை நீரில் இறங்கும். அந்நீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டால் கசப்பும் மணமும் சேரும். ஆறிய பின்னர் ஈஸ்ட்டைச் சேர்த்தால், அது சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். நம் வீட்டுத் தோசை மாவு இரவில் பொங்குவதும் நுண்ணுயிர்கள் வாயு வெளிவிடுவதால்தான்.

இந்த நான்கு பொருள்களோடு வேறெதைச் சேர்க்கலாம், எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளைத்தான் பியர்க்ஸோ விடாமல் கேட்டார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, ஓட்ஸும் காப்பியும் சேர்த்த கறுப்புப் பீர். அதற்கு 'பீர் கீக் பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர் வைத்தார். 'பீர்ப் பித்தரின் பசியாறை' என்று நாம் சொல்லலாம். பிறகு அதே வழியில், புனுகுப் பூனை தின்று கழித்த கொட்டையிலிருந்து எடுக்கும் வியட்நாமியக் காப்பியைச் சேர்த்து இன்னொன்று செய்தார். நம் வட்டாரத்தில் லுவாக் காப்பி என்று சுற்றுப்பயணிகளுக்கு விற்பார்களே, அந்த வகைதான்.

நாங்கள் முதலில் சென்றது விக்டோரியாகேட என்னும் தெருவில் 2010இல் அவர் திறந்த முதற் கூடத்திற்கு. இரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நிலமட்டத்திற்குச் சற்றுக் கீழே, சில படிகள் இறங்கிச் செல்ல வேண்டிய சிறிய அறை. இருட்டும் இரைச்சலும் புகையும் இருக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு ஏமாற்றந்தான். வெளிர் நிறத் தரை, மர நாற்காலிகள், சன்னமான பேச்சுக்குரல். மணி எட்டாகியும் வெளியே நல்ல வெயில். அந்த மாதத்தில் அங்குக் கதிரவன் மறையப் பத்து மணி ஆகிவிடுகிறது.

சுவரில் இருபது குழாய்கள். அவற்றுக்கு மேலே ஒரு கரும்பலகை. ஆசிரியைக்குக் கரும்பலகையைக் கண்டால் கண் அங்கேதானே நிற்கும்! ஒன்று முதல் இருபது வரை எண். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பீரின் பெயர், வகை, ஆல்கஹால் விழுக்காடு, விலை. ஒன்று 4 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. மற்றொன்று பத்தைத் தாண்டியிருந்தது. வீரியம் கூடக் கூடக் கிண்ணம் சிறிதாவதையும் கவனித்தேன். குழாயின் முன் நின்ற இளம்பெண், வந்தவர் ஒவ்வொருவரிடமும் கசப்புப் பிடிக்குமா, புளிப்புப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள். கேட்டவருக்கு ஒரு மிடறு சுவை பார்க்கவும் கொடுத்தாள். "இதில் என்ன இருக்கிறது?" என்று யார் கேட்டாலும் அவளிடம் விடை இருந்தது. எனக்குக் குளிர்ந்த நீர் ஒரு குவளையில் வந்தது. என் அக்காள் மகன் வாங்கிய கறுப்புப் பீரை முகர்ந்து மட்டும் பார்த்தேன். காப்பி மணத்தது.

அங்கே அவன் சொன்ன ஒரு செய்திதான் என்னைக் குறிப்பேட்டை எடுக்க வைத்தது. மிக்கெல்லர் ஒரு சமயம் வரிசையாகப் பல பீர்களை வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே செய்முறை: ஒரே தானியம், ஒரே ஈஸ்ட். ஹாப்ஸ் பூவின் வகை மட்டும் போத்தலுக்குப் போத்தல் வேறு. அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்ப்பவருக்கு எந்தப் பூ எந்த மணத்தைத் தருகிறது என்பது தெளிவாகிவிடும்.

ஆசிரிய நண்பர்களே, இது நாம் ஆண்டுதோறும் தொண்டை வறளக் கற்பிக்கும் பாடமன்றோ! தற்சார்பு மாறி எது? ஹாப்ஸின் வகை. சார்பு மாறி எது? மணமும் கசப்பும். கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது? மற்றவை அனைத்தும். நம் மாணவர்கள் இதை மனனம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இங்கோர் ஆசிரியர் அதே பாடத்தைப் போத்தலில் அடைத்து உலகெங்கும் விற்றிருக்கிறார். அவர் விற்ற பொருள்மீது எனக்கு மரியாதை இல்லை. 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதிவை' என்னும் அந்த ஒழுங்கின்மீது மிகுந்த மரியாதை உண்டு.

மறுநாள் காலை, இந்த ஒழுங்கு அந்நகரத்துக்கு எங்கிருந்து வந்தது என்று காட்டுவதாகச் சொல்லிப் பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலை இருந்த பகுதிக்கு அழைத்துச் சென்றான். நம் ஷா ஆலாமில் ஆலை வைத்திருக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். 1847இல் யாக்கோப்சன் என்பவர் தொடங்கியது. மகன் கார்லின் பெயரையும் 'குன்று' என்னும் பொருள்தரும் சொல்லையும் சேர்த்துப் பெயரிட்டார். பீர் காய்ச்சும் பெரும்பணி 2008இல் வேறு ஊருக்கு மாறிவிட்டது. நான்கு கருங்கல் யானைகள் தாங்கி நிற்கும் வாயில் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த ஆலையில் 1875இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே 1883இல் ஹான்சன் என்னும் அறிவியலாளர் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்க்கும் வழியைக் கண்டார். அதுவரை, காய்ச்சிய பீர் ஏன் சில வேளைகளில் கெட்டுப்போகிறது என்பது முதலாளிகளுக்கே புதிராக இருந்தது. வேண்டாத ஈஸ்ட் கலந்துவிடுவதே காரணம் என்று தெளிந்தது. வியப்பு என்னவெனில், யாக்கோப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை. தம் ஆய்வுக்கூடத்தின் முக்கியமான முடிவு எதையும் மறைத்து வைக்கலாகாது என்று விதி வகுத்திருந்தார். தூய ஈஸ்ட் போட்டி ஆலைகளுக்கும் சென்றது. அதே ஆய்வுக்கூடத்தில்தான் 1909இல் சோரன்சன் என்பவர் பிஎச் அளவுகோலை உருவாக்கினார். ஐந்தாம் ஆண்டில் எலுமிச்சைச் சாற்றிலும் சவர்க்கார நீரிலும் லிட்மஸ் தாளைத் தோய்த்துக் காட்டுகிறோமே, அந்த அமிலத்தையும் காரத்தையும் எண்ணால் அளக்கும் முறை பிறந்த இடம் ஒரு பீர் ஆலை!

அன்று பிற்பகல் இரண்டாவது கூடத்திற்குச் சென்றோம். ரெஃப்ஷாலயோன் என்னும் துறைமுகப் பகுதியில் முன்பு பெரிய கப்பல் கட்டும் தளம் இருந்தது. 1996இல் அது மூடப்பட்டது. அங்கே 2017இல் மிக்கெல்லர் 'பாக்ஹேவன்' என்னும் கூடத்தைத் திறந்திருந்தது. பின்கட்டுத் தோட்டம் என்று பொருளாம். உள்ளே வரிசை வரிசையாக மரப் பீப்பாய்கள். ஆய்வுக்கூடத்தின் தூய ஈஸ்ட்டுக்கு நேர்மாறாக, இங்கே காட்டு ஈஸ்ட்டை விரும்பி அழைத்தார்கள். பழங்களைச் சேர்த்து மாதக்கணக்கில் பீப்பாயில் ஊறவிட்டார்கள். அதனால் அந்தப் பீர் புளிக்கும்.

கதவைத் தாண்டியதும் அந்தப் புளித்த வாடை முகத்தில் அடித்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. அது எனக்கு நன்கு தெரிந்த வாடை. கள்ளின் வாடை.

இரண்டாவது காரணம் என்று முன்னர்க் குறிப்பிட்டேனே, அது இதுதான்.

நான் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் இடையில் கள்ளுக்கடை இருந்தது. பால் எடைபோட்டு முடிந்த பிற்பகலில் ஆண்கள் அங்கே கூடுவார்கள். கம்பி வலை போட்ட ஒரு சன்னல். அதன் வழியே தகர மங்கு வெளியே வரும். காசு உள்ளே போகும். சம்பள நாளில் அம்மா என்னை அனுப்புவார். "அப்பா, அம்மா கூப்பிடுறாங்க" என்று வேலிக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். சில நாள் வருவார். பல நாள் வரமாட்டார்.

தென்னம்பாளையிலிருந்து இறக்கிய நீர் இனிப்பானது. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் அதில் சேர்ந்து சில மணி நேரத்திலேயே நொதித்துவிடும். அறிவியல்படி பார்த்தால், பாக்ஹேவனின் பீப்பாயில் நடந்ததும் தோட்டத்துப் பானையில் நடந்ததும் உறவுக்கார வேலைகளே. பிற்காலத்தில் தோட்டத்துக் கடை மூடப்பட்டது. அப்பா சம்சுவுக்கு மாறினார். யாரோ எங்கேயோ அடைத்த சின்னப் போத்தல், விலை மலிவு, வீரியம் மிகுதி.

1991இல் எனக்குப் பதின்மூன்று வயது. மருத்துவமனைக் கட்டிலில் அப்பா மஞ்சள் பூத்த கண்களோடு கிடந்தார். "உங்கள் கணவர் என்ன குடிப்பார்?" என்று மருத்துவர் மலாயில் கேட்டார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியலைன்னு சொல்லும்மா. சின்னப் போத்தல். பச்சை மூடி போட்டிருக்கும்." அந்த விடையை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னவள் நான். மூன்று நாள் கழித்து அப்பா காலமானார்.

பீப்பாய்கள் நடுவே நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அங்குள்ள பலகையிலும் பீருக்குப் பீர் பெயர், பழம், விழுக்காடு எல்லாம் எழுதியிருந்தன. ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க வந்தவர்களுக்குத் தாம் அருந்துவது இன்னதென்று முழுதும் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்குமேல் நாள்தோறும் குடித்து, அதனாலேயே இறந்த ஒரு தொழிலாளிக்கு அது தெரியவில்லை. அவர் மனைவிக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சரக்கின் தரம், செல்வம் என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அதை அறிவைப் பகிர்வதில் உள்ள வேறுபாடு என்றே பார்க்கிறேன். எங்கள் தோட்டத்தில் காய்ச்சியவனுக்கும் விற்றவனுக்கும் கணக்குத் தெரியும். குடித்தவனுக்கு மங்கு மட்டுமே தெரியும்.

நம் முன்னோர் இதை உணராமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலைக் கல்லூரிக் காலத்தில் முதன்முதலாகப் படித்தேன். கூலி உயர்வு இருந்தது. துரைகளுக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது இருந்தது. அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அந்தப் போராட்டத்தைப் படை கொண்டு அடக்கினார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது. போருக்குப் பின்னர், 1946, 1947ஆம் ஆண்டுகளில், எங்கள் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகத் தோட்டந்தோறும் இயக்கம் நடத்தினர். பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒன்று திறந்தால்தான் மற்றொன்று மூடும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்தனர்.

பெற்றோர்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. டென்மார்க்கைப் பார்த்துக் குடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்நாட்டுப் பதின்ம வயதினர் ஐரோப்பாவிலேயே மிகுதியாகக் குடிப்பவர்கள் வரிசையில் இருப்பதைப் பள்ளி மாணவரிடையே நடத்தப்படும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கரும்பலகையில் விழுக்காடு எழுதிவைத்தால் போதை குறைந்துவிடாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அழகிய கிண்ணத்தில் வந்தாலும் தகர மங்கில் வந்தாலும் கல்லீரலுக்கு அது ஒன்றுதான்.

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகியிருக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்துப் பலர் மாண்டனர். மெத்தனால் கலந்திருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நாளிதழ்களில் நாள்தோறும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது.

அக்டோபர் மாதம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்து ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஓய்வாக இருந்தார்கள். நுண்ணுயிர்ப் பாடத்தில் தேர்வுக்காக அவசரமாக முடித்த ஈஸ்ட் சோதனையை நிதானமாகச் செய்யலாம் என்று எண்ணினேன். நான்கு போத்தல், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். சர்க்கரை மட்டும் முறையே ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு, மூன்று தேக்கரண்டி. போத்தலின் வாயில் பலூனை மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பலூன்கள் மெல்ல நிமிரத் தொடங்கியதும் வகுப்பில் ஒரே மகிழ்ச்சி. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வாயுவை விடுகிறது, கூடவே ஆல்கஹாலும் உண்டாகிறது என்று விளக்கினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். "டீச்சர், எங்கப்பா குடிக்கிறதும் இப்படித்தான் செய்றாங்களா? அதுல விஷம் இருக்குமா?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அந்தச் செய்திகளையெல்லாம் அவனும் படித்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

இப்படிப்பட்ட கேள்விக்கு, "அதெல்லாம் கெட்ட பழக்கம், உட்கார்" என்று சொல்லிவிடுவது எளிது. நன்னெறிப் பாடத்திற்கும் அது போதும். அன்று நான் உண்மையைச் சொன்னேன். ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். மெத்தனால் வேறு, அது பெயிண்டு, எரிபொருள் முதலியவற்றிற்குப் பயன்படும் தொழிற்சாலைப் பொருள். நிறத்தாலோ மணத்தாலோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. மெத்தனாலை உடல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்க உங்கள் தாத்தா பாட்டி ஊற்றிய அமிலம் அதுதான் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, கடுமையான வயிற்றுவலி, வாந்தி வந்தாலோ, 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், என்ன குடித்தார் என்று சொல்ல அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவன் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தில் தலைமையாசிரியர் முன்னிலையில், "பிள்ளைங்களுக்கு ஏன் டீச்சர் சாராயத்தைப் பத்திச் சொல்லிக் கொடுக்கிறீங்க? வீட்டு விஷயம் வெளியே போகுதுன்னு அவங்கப்பா சத்தம் போடுறாரு" என்றார். குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாயாரிடம், "அக்கா, உங்கள் வீட்டுக்காரர் என்ன குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாதுங்க டீச்சர்" என்றார்.

எங்கள் அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். பச்சை மூடியைப் பற்றியும் சொன்னேன். தலைமையாசிரியர் எழுந்து சென்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தந்தை குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான்; அப்படி நடக்கவில்லை. ஆயினும் ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவுக்கு மூவரும் வந்தார்கள். அந்தத் தாயார் என்னிடம் தனியே வந்து, "இப்பல்லாம் போத்தல நான் பார்த்துடுவேன் டீச்சர். லேபல் இல்லாதத உள்ள விடுறதில்ல" என்றார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈஸ்ட் சோதனையை விட்டுவிடாதீர்கள். செலவு மிகக் குறைவு; அரை மணி நேரத்தில் பலூன் நிமிர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மற்றவற்றை மாற்றாதிருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் கலந்தார், எப்போது என்று தாளில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். எழுதி ஒட்டாத போத்தலை என் வகுப்பில் யாரும் தொடக்கூடாது என்பது விதி. பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் பிள்ளைகள் வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது விடை சொல்ல ஒரு பெரியவராவது இருக்கட்டும்.

இவ்வாண்டும் சோதனையைச் செய்தோம். ஒரு மாணவி தன் போத்தலில், 'நீர், ஈஸ்ட், சர்க்கரை 2 தேக்கரண்டி. வேறு எதுவும் இல்லை. நான்தான் கலந்தேன்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.